ஊழியர் சொன்னபின் நாம் ஜெபிக்கக் கூடாதா?

பெருந்துறை தறிவீடு:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். என் தங்கைக்கு ஈரோட்டிலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் வீட்டார் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), நாங்கள் பெந்தெகொஸ்தே சபை. அவளுக்குப் பிடித்திருந்தது. எங்கள் பாஸ்டர், "இது தேவசித்தம் இல்லை, கர்த்தர் என்னோடு பேசினார்" என்றார். "நானும் ஒரு வாரம் ஜெபிச்சுட்டுச் சொல்றேனுங்க பாஸ்டர்" என்றாள் தங்கை. அடுத்த ஞாயிறு பிரசங்கமே சங்கீதம் 105:15, "நான் அபிஷேகம்பண்ணினவர்களை நீங்கள் தொடாமலும்..." அபிஷேகம் பெற்ற ஊழியரை எதிர்க்காதே என்ற அர்த்தத்தில். பெயர் சொல்லவில்லை. ஆனால் சபையே அவளைத் திரும்பிப் பார்த்தது. இப்போது பாடல் குழுவிலிருந்தும் நிறுத்திவிட்டார்கள். ஒரு வாரம் ஜெபிக்கிறேன் என்பது கலகமா? கலாத்தியர் 5:1 சொல்லும் சுயாதீனம் யாருக்கு?

அவிநாசி விசுவாசி:
சகோதரி, வருத்தம் புரிகிறது. ஆனால் சுயாதீனம் என்பது நம் இஷ்டம் அல்ல. அதே அதிகாரம் 13ஆம் வசனத்தையும் படியுங்கள், அந்தச் சுயாதீனத்தை மாம்சத்துக்கு ஏதுவாக்காதே என்கிறது. எபிரெயர் 13:17 நம்மை நடத்துகிறவர்களுக்குக் கீழ்ப்படியச் சொல்கிறது. நான் அனுபவத்தில் சொல்கிறேன். திருப்பூர் பனியன் கம்பெனியில் சனிக்கிழமை சம்பளம், ஞாயிறு காலையில் பையில் ஒரு ரூபாய் இருக்காது. எங்கள் பாஸ்டர் ஆறு மாதம் சனிக்கிழமைதோறும் கம்பெனி வாசலில் நின்று, கவரை என்னிடம் வாங்கி என் மனைவி கையில் கொடுத்தார். அன்றைக்கு "எனக்குச் சுயாதீனம் உண்டு" என்று நான் சொல்லியிருந்தால் என் பிள்ளைகள் தெருவில் நின்றிருக்கும்.

காங்கேயத்து விவசாயி:
தம்பி, உங்க பாஸ்டர் நல்ல மேய்ப்பன். அவர் உங்களுக்காக வெயிலில் நின்னார். இந்த அம்மணியை நிறுத்தி வெச்சது அந்தக் கணக்கில் வராது.

நுகத்தைப் பத்திப் பேசறதால ஒண்ணு சொல்றேனுங்க. கலாத்தியர் 5:1 "அடிமைத்தனத்தின் நுகம்" வேண்டாம்ங்குது. மத்தேயு 11:29ல இயேசு "என் நுகத்தை ஏற்றுக்கொள்ளுங்கள்"ங்கறார். ரெண்டும் நுகம்தான். எங்க அப்பாரு காளை பழக்கறப்போ இளங்காளையைத் தனியாப் பூட்ட மாட்டார். பழகின எருதோட ஜோடி சேர்ப்பார். சாயங்காலம் அவுத்து விட்டதும் தண்ணி காட்டறதுக்கு முன்னால கழுத்தைத் தடவிப் பார்ப்பார். தோல் கன்னிப்போயிருந்தா அடுத்த நாள் ஏர் இல்லை. குத்தம் காளை மேல இல்லை, நுகத்தடி மேலன்னு அதைச் செதுக்குவார். "என் நுகம் மெதுவாயும்"னு இயேசு சொல்றது எனக்கு அப்படித்தான் புரியுது. அவர் அதிகாரத்துல புண் இருக்காது. புண் வந்தா, அந்த நுகம் யாருதுன்னு கேட்கணும்.

சேந்தமங்கலம் கத்தோலிக்கன்:
எங்கள் ஊருக்கும் சேலத்துக்கும் 1623இல் இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நோபிலி, நம்மவர் சொல்லும் தத்துவபோதகர், வந்தார். அதற்கு முன் பல வருடம் மதுரையில் அவர் மேல் வழக்கு. பிராமணர் திருமுழுக்குப் பெற்றாலும் பூணூலும் குடுமியும் வைத்திருக்கலாம் என்றதற்காக, உடனிருந்த குருக்களே புகார் செய்தார்கள். அவர் தன் பக்கத்து நியாயத்தை எழுதி அனுப்பினார். அதே 1623இல் போப் பதினைந்தாம் கிரகோரி அனுமதி கொடுத்தார். மேலே கேட்க ஓரிடம் இருந்ததால்தான் அவர் பிழைத்தார். தங்கச்சி, உங்கள் பாஸ்டர் சொன்னதை எங்கே போய் முறையிடுவீர்கள்?

அவிநாசி விசுவாசி:
ஐயா, அந்த அனுமதியில் பூணூல் தப்பித்தது, சரி. குறைந்த சாதியென்று ஒதுக்கப்பட்டவர்களுக்குப் பண்டாரசாமிகள் என்று தனிக் குருக்களைப் பின்னால் வைத்தார்களே, அவர்கள் எங்கே முறையிட்டார்கள்? மேலே ரோம் இருந்தும் அது நடந்தது. அதனால் முறையீடு மட்டும் போதாது. வேதத்துக்கு எல்லாரும் அடங்க வேண்டும். பாஸ்டரும்தான்.

சேந்தமங்கலம் கத்தோலிக்கன்:
அதில் உங்களோடு சண்டையில்லை. அந்தக் காயம் எங்கள் கல்லறைகளில் இன்னும் இருக்கிறது.

பெருந்துறை தறிவீடு:
அண்ணா, பாஸ்டரும்தான் என்று நீங்கள் சொன்னதைப் பிடித்துக்கொண்டு நேற்று ராத்திரி சங்கீதம் 105 முழுக்க வாசித்தேன். அபிஷேகம்பண்ணினவர்கள் என்று சொல்லப்பட்டவர்களை 12ஆம் வசனம் "சொற்ப ஜனங்களும் பரதேசிகளும்" என்கிறது. ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு. சொந்த நிலம் இல்லாமல் அலைந்தவர்கள். தொடாதே என்று கர்த்தர் கடிந்துகொண்டது ராஜாக்களை! எளியவர்களைக் காக்கிற வசனத்தை என் தங்கை மேல் எறிந்துவிட்டார்கள். படித்துவிட்டு அழுதேன்.

அவிநாசி விசுவாசி:
இருபது வருடமாக அந்த வசனத்தைக் கேட்கிறேன் சகோதரி, முன்னும் பின்னும் வாசித்ததில்லை. நீங்கள் சொல்வது சரி. ஆனாலும் கீழ்ப்படிதல் வேண்டும் என்பதை விட மாட்டேன். சபையை விட்டு ஓடிவிடாதீர்கள். மத்தேயு 18:15 சொல்கிறபடி தங்கை முதலில் பாஸ்டரிடம் நேரில் பேசட்டும். கேட்கவில்லையென்றால் அடுத்த வசனம், ஓரிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு. தேவைப்பட்டால் நான் அவிநாசியிலிருந்து வருகிறேன்.

பெருந்துறை தறிவீடு:
வரும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவள் பேசப் போகிறாள். அப்பா வாசலில் நிற்பார். வேதாகமத்தில் அந்தப் பக்கத்துக்கு நூல் கயிறு வைத்துக் கொடுத்திருக்கிறேன்.