கையில் ரத்தம் படாத கொலைகள்

அகதா கிறிஸ்டியின் 'அண்ட் தென் தேர் வேர் நன்' நாவலைக் கல்லூரி விடுதியில் படித்தேன். 1939-இல் வந்த புத்தகம். டெவன் கடற்கரைக்கு அப்பால் ஒரு தீவு, அங்கே பத்துப் பேர். முதல் நாள் இரவுச் சாப்பாடு முடிந்ததும் கிராமபோன் தட்டில் ஒரு குரல் ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி, இன்னாருடைய சாவுக்கு நீதான் காரணம் என்கிறது. அப்புறம் ஒவ்வொருவராகச் சாகிறார்கள்.

கொலையாளி யார் என்பதைவிட, அந்தப் பழைய குற்றங்கள்தான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தன. ரோஜர்ஸ் தம்பதி எஜமானியம்மாவுக்கு வேண்டிய நேரத்தில் மருந்தைக் கொடுக்கவில்லை. ஜெனரல் மக்ஆர்தர், மனைவியின் காதலனை உயிரோடு திரும்ப முடியாத போர்முனைக்கு அனுப்பினார். லோம்பார்டு 21 ஆப்பிரிக்கர்களைக் காட்டிலேயே விட்டுவிட்டு, இருந்த உணவையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். எமிலி பிரென்ட், கர்ப்பமான வேலைக்காரப் பெண்ணை வீட்டைவிட்டுத் துரத்தினாள். இவர்களில் யாரும் கத்தி எடுக்கவில்லை. எந்தக் கோர்ட்டாலும் இவர்களைத் தொட முடியாது. நாவலின் உயிரே அதுதான்.

2015 கிறிஸ்துமஸுக்கு பிபிசி இதை மூன்று பகுதித் தொடராக ஒளிபரப்பியது. திரைக்கதை சாரா ஃபெல்ப்ஸ். பிறகு அதை அக்காவோடு உட்கார்ந்து பார்த்தேன். அவள் நாவல் படித்ததில்லை. தொடரில் ரோஜர்ஸ் தலையணையால் அமுக்கிக் கொல்கிறான். ஜெனரல் தானே துப்பாக்கியை எடுத்துச் சுடுகிறார். லோம்பார்டு வைரத்துக்காகக் கொல்கிறான். "எல்லாம் கொலைகாரக் கும்பல்தானே, போகட்டும் விடு" என்றாள் அக்கா. தொடரை மட்டும் பார்த்தால் யாரும் அப்படித்தான் சொல்வார்கள். நாவலில் இவர்களை வெறுக்கவும் முடியாமல் மன்னிக்கவும் முடியாமல் தவித்தேனே, அந்தத் தவிப்புக்கு இங்கே இடமே இல்லை.

அந்தப் பத்துப் பேரில் ஒருத்தியான வேராவை அப்படிக் கெடுக்கவில்லை. அவள் பொறுப்பில் இருந்த பையன் சிரில் பாறைவரை நீந்திப் போகட்டுமா என்று கேட்கிறான். அவனால் முடியாது என்று தெரிந்தே சரி என்கிறாள். மேவ் டெர்மடி அதை நடித்த விதத்தில், சதா பேசிக்கொண்டே பார்க்கும் அக்கா வாயடைத்துப் போனாள். யாரும் பிழைக்காத நாவலின் முடிவையும் காப்பாற்றியிருக்கிறார்கள், அது பெரிய விஷயம். 1943-இல் மேடைக்காகக் கிறிஸ்டியே இருவரைப் பிழைக்கவைத்தார். 1945-இல் ரெனே கிளேர் எடுத்த படமும் அந்த வழியில்தான் போனது.

ஆனாலும் ஒரு குறை எனக்கு ஆறவில்லை. குற்றம் குறைந்தவர்கள் முதலில், கூடியவர்கள் கடைசியில், அதுவரை பயத்திலேயே வேகட்டும் என்பதுதான் நாவலில் கொலையாளி போட்ட கணக்கு. கொலையாளி எழுதிப் புட்டிக்குள் அடைத்துவைத்த கடிதத்தில் அதைப் படிக்கும்போது உடம்பு சில்லிடும். தொடரில் ஜெனரல் தன் கையாலேயே சுட்டவர். அவரை மூன்றாவதாகவே அனுப்பிவிட்டால் அந்தக் கணக்கு எப்படிச் சரியாக வரும்?