சிறுநீரக மாற்றுக்குப் பின் வரும் 'சுணக்கம்'

அனைவருக்கும் வணக்கம்.

புதிதாகப் பொருத்திய சிறுநீரகம் உடனே வேலையைத் தொடங்காமல் இருப்பதை 'டிலேய்ட் கிராஃப்ட் ஃபங்ஷன்' (சுருக்கமாக டி.ஜி.எஃப்.) என்கிறார்கள். அதற்கு நாம் தமிழ்ச் சொல் தேடிக்கொண்டிருக்கிறோம். 'தாமதித்த ஒட்டுச் செயற்பாடு' என்று நம்மில் ஐயா ஒருவர் தந்த சொல்லை பழைய வண்ணாரப்பேட்டையில் அக்காவிடம் சொல்லிப் பார்த்தேன். ஒட்டு என்றதும் கிழிந்த துணிதான் அவள் நினைவுக்கு வந்தது. முகம் வாடிவிட்டது.

மாமாவுக்கு மூளைச்சாவு அடைந்த ஒருவரின் சிறுநீரகம் பொருத்தினார்கள். மூன்றாம் நாள் மறுபடி டயாலிசிஸ். ஏன் என்று கேட்டதற்கு 'டி.ஜி.எஃப்.' என்று மட்டும் பதில் வந்தது. எல்லாம் போச்சு என்று அக்கா அன்றிரவு தூங்கவே இல்லை. பன்னிரண்டாம் நாள்தான் ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) இறங்கத் தொடங்கியது. இடைப்பட்ட நாட்களில் அவள் பிடித்துக்கொள்ள ஒரு தமிழ்ச் சொல் இருந்திருக்க வேண்டும்.

சரி, பொருளுக்கு வருவோம். மாற்று நடந்த முதல் 7 நாட்களுக்குள் டயாலிசிஸ் தேவைப்படுவதைத்தான் பொதுவாக டி.ஜி.எஃப். என்று சொல்கிறார்கள். ரத்த ஓட்டம் இல்லாமல் ஐஸில் இருந்த நேரமும், மீண்டும் ரத்தம் பாயும்போது சிறுநீரகத்துக்குள் இருக்கும் நுண்குழாய்களின் செல்கள் படும் காயமும் முக்கியக் காரணங்கள். ஐஸ் கெடுவதைத் தள்ளிப்போடும், நிறுத்தாது. மீன்பிடித் துறைமுகமான காசிமேட்டில் இதை யாருக்கும் விளக்க வேண்டாம். உயிரோடு இருப்பவர் தரும் சிறுநீரகத்தில் இது குறைவாக வருவதும் அதனால்தான். காயம் ஆற நாட்களோ வாரங்களோ ஆகும்.

'தாமதம்' வந்து சேராத ரயிலுக்குப் பொருந்தும். இங்கே சிறுநீரகம் வந்து சேர்ந்துவிட்டது, வேலையில்தான் இன்னும் இறங்கவில்லை. 'வேலை சுணங்கிக் கிடக்கிறது' என்றால் யாரும் அதைக் கைவிட்டதாக நினைப்பதில்லை. ஆகவே என் பரிந்துரை: மாற்றுச் சிறுநீரகச் சுணக்கம்.

ரிஜெக்ஷனோடு, அதாவது உடல் புதிய சிறுநீரகத்தை எதிர்ப்பதோடு, குழம்பாதா என்று கேட்டிருந்தீர்கள். அதற்கு 'ஏற்பின்மை' இருக்கட்டும். சுணக்கம் நீடித்தால் அடியில் ஏற்பின்மை மறைந்திருக்கலாம் என்றுதான் பயாப்ஸி (சிறு திசு எடுத்துச் சோதிப்பது) செய்கிறார்கள். இரண்டும் தனித்தனிச் சொல்லாக இருந்தால்தான் அதை விளக்க முடியும். கடைசிவரை வேலையே செய்யாததற்கு 'இயங்காமை'. டயாலிசிஸ் இல்லாமலே கிரியேட்டினின் மெல்ல இறங்குவதைச் சுணக்கத்தில் சேர்க்க வேண்டாம், 'மந்த இயக்கம்' போதும்.

சுணக்கம் என்ற சொல்லுக்கான விளக்கத்தில் 'சிறுநீர் வராத நிலை' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பழைய சிறுநீரகங்களைப் பெரும்பாலும் எடுப்பதில்லை. அவற்றிலிருந்தும் சிறுநீர் வரலாம்.

அப்புறம், தேறியதைக் குறிக்க ஒரு வினை வேண்டும். 'சுணக்கம் நீங்கியது' எனலாம். பன்னிரண்டாம் நாள் அக்கா போனில் சொன்னது, "கிட்னி பிடிச்சுக்கிச்சுடா." மருத்துவ நண்பர்கள் சொல்லுங்கள், 'பிடித்துக்கொண்டது' என்றே எழுதலாமா?