விபத்தில் இழந்த கதிராளியும் லென்ஸும்: அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களின் அனுபவம்

ஒரு விபத்தில் என் வலக்கண்ணின் லென்ஸும், கண்மணியைச் சுற்றியுள்ள நிற வளையமான, ஐரிஸ் எனப்படும் கதிராளி முழுவதும் போய்விட்டன. லென்ஸ் இல்லாத குறையைத் தடித்த கண்ணாடியோ கான்டாக்ட் லென்ஸோ ஓரளவு ஈடுகட்டியது. கண்ணுக்குள் நுழையும் வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தத்தான் எதுவுமில்லை. பகலில் வெளியே வந்தால் கண்ணைத் திறக்க முடியாது; இரவில் எதிரே வரும் வண்டியின் விளக்கு ஒரு புள்ளியாக இல்லாமல் பார்வை முழுவதும் வெள்ளையாகப் பரவிவிடும். கதிராளி அழகுக்கு மட்டுமே என்று எண்ணுவோர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எனக்குப் பொருத்தப்பட்டது சிலிகானால் ஆன, மடிக்கக்கூடிய செயற்கைக் கதிராளி. அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2018ஆம் ஆண்டு ஒப்புதல் அளித்த வகை அது. மறு கண்ணின் புகைப்படத்தைப் பார்த்துக் கையாலேயே வண்ணம் தீட்டுகிறார்கள். 12.8 மி.மீ. விட்டத்தில் வரும் அந்த வட்டை, கண்ணை அளந்து தேவையான அளவுக்கு அறுவை அரங்கிலேயே வெட்டிக்கொள்கிறார்கள். நடுவிலுள்ள துளை 3.35 மி.மீ.; அது விரியாது, சுருங்காது. ஆகவே மங்கிய வெளிச்சத்தில் சற்று இருட்டாகத்தான் தெரியும். விழித்திரையின் ஓரங்களைப் பரிசோதிப்பதும் மருத்துவருக்கு முன்பைவிடக் கடினமாகிறது.

இந்தக் கதிராளியையும் புதிதாக வைக்கும் செயற்கை லென்ஸையும் எதில் பிடித்து நிறுத்துவது என்பதுதான் பெரிய கேள்வி. லென்ஸைத் தாங்கும் பை எனக்கு மிஞ்சவில்லை. செயற்கைக் கதிராளியின் பின்புறத்தில் லென்ஸை வைத்துத் தைத்து, இரண்டையும் ஒன்றாக வெண்விழியில் கோர்-டெக்ஸ் நூலால் கட்டுவது ஒரு வழி. எனக்கு அப்படித்தான் செய்தார்கள். ஜப்பானியக் கண் மருத்துவர் யமானே 2017இல் வெளியிட்ட முறையில் லென்ஸுக்குத் தையலே இல்லை. அதன் இரு மெல்லிய கால்களையும் ஊசி வழியே வெண்விழிக்கு வெளியே இழுத்து, நுனியைச் சூட்டால் உருக்கிக் குமிழாக்கி உள்ளே புதைத்துவிடுகிறார்கள். கதிராளியைத் தனியே பொருத்த வேண்டும். மிக மெல்லிய பாலிப்ரொப்பிலின் நூல் ஆண்டுகள் செல்லச்செல்ல நைந்து அறுந்துபோவதுண்டு என்பதால், எந்த நூல் என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது என்பது என் உறுதியான கருத்து.

வெளிச்சத்தில் வரும் கண் கூச்சம் பெருமளவு குறைந்துவிட்டது. கண் அழுத்தம் ஏறியதால் சொட்டு மருந்து தொடர்கிறது.

*

மேலே எழுதிய அன்பருக்கு நன்றி. என் தங்கைக்குப் பிறவியிலேயே, வேர்ப்பகுதியைத் தவிர, கதிராளி இல்லை. அவள் நிலை இதிலிருந்து வேறுபட்டது. இத்தகைய கண்களில் உள்ளே ஏதேனும் சாதனம் வைத்தபின், எஞ்சிய கதிராளியின் வேரிலிருந்து நார்போன்ற சவ்வு வளர்ந்து, லென்ஸையே முன்னோக்கித் தள்ளிவிடும் ஆபத்து இருக்கிறது. கார்னியா எனப்படும், கண்ணின் முன்புறத்து ஒளிபுகும் படலத்தைப் புதுப்பிக்கும் ஸ்டெம் செல்களும் பலருக்குக் குறைவு. அதனால் அவளுக்கு இருந்த கண்புரையை மட்டும் அகற்றிச் சாதாரண லென்ஸ் வைத்தார்கள். வெளிச்சத்துக்கு நிறக்கண்ணாடி போதும் என்று மருத்துவர் நிறுத்திக்கொண்டார். நாங்கள் வற்புறுத்தவில்லை. நிறம் மாற்றுவதற்காக நலமான கதிராளியின் மேல் பொருத்தும் சாதனங்களை யாரேனும் பரிந்துரைத்தால் தயவுசெய்து ஏற்காதீர்கள். அவை கார்னியாவைப் பழுதாக்கி, கிளாக்கோமா என்னும் கண் அழுத்த நோயையும் வரவழைத்துப் பலரின் பார்வையைக் கெடுத்திருக்கின்றன.