முதல் நாயைக் காப்பகத்திலிருந்து எடுக்கப் போகிறவர்களுக்கு

புது நாட்டில் வீடு அமைந்த கையோடு நாய் வளர்க்க ஆசை வருவது இயல்பு. அதுவும் காப்பகத்து நாய்க்கு வீடு கொடுக்க நினைப்பது நல்ல மனசு. ஆனால் போவதற்கு முன் வாடகை ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். வீட்டுக்காரர் வாயால் 'சரி' என்றால் போதாது, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சில நாடுகளில் சில இனங்களை வளர்க்கவே தடை உண்டு, அதையும் பாருங்கள். விசா எப்போது முடியும், அடுத்து எந்த நாடு என்றே தெரியாத நிலையில் இருந்தால், தயவுசெய்து இப்போது எடுக்காதீர்கள். நாய் பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு மேலும் வாழும். உங்கள் நிலை தெளிவாகும்வரை ஃபாஸ்டராக, அதாவது நிரந்தர வீடு கிடைக்கும்வரை தற்காலிகமாக, ஒரு காப்பகத்து நாயைச் சில வாரம் வைத்துப் பராமரிக்கலாம். காப்பகங்களுக்கு அப்படிப்பட்ட வீடுகள் எப்போதும் தேவை.

சரி, எந்த நாய்? முதல்முறை வளர்ப்பவருக்குக் குட்டி வேண்டாம் என்பேன். இரண்டு மூன்று வயது தாண்டிய, ஏற்கெனவே ஒரு ஃபாஸ்டர் வீட்டில் இருந்து பழகிய நாய்தான் நல்லது. குட்டி ராத்திரியிலும் எழுப்பும், வேலைக்குப் போனால் தனியாக இருக்காது, வளர்ந்தபின் எப்படி இருக்கும் என்றும் சொல்ல முடியாது. வளர்ந்த நாயின் உருவமும் குணமும் கண்ணெதிரே இருக்கின்றன. கூண்டில் பார்த்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். அந்த இரைச்சலில் ஓயாமல் குரைக்கிற நாய் வீட்டில் அமைதியாகிவிடலாம். மூலையில் ஒடுங்கியிருப்பது அடக்கமான நாய் என்று நினைப்போம், அது பயத்தில் உறைந்திருக்கலாம்.

ஃபாஸ்டராக வைத்திருந்தவரிடம் விடாமல் கேளுங்கள். நாலு மணி நேரம் தனியாக விட்டால் என்ன செய்கிறது, ஊளையிடுகிறதா, கதவைப் பிறாண்டுகிறதா? சாப்பிடும்போது கிட்டப் போனால் உறுமுகிறதா? லிஃப்டில் ஏறுமா? குழந்தைகளோடு நிஜமாகவே இருந்திருக்கிறதா, இல்லை இருக்கும் என்று நினைக்கிறார்களா? முன்பு யாராவது எடுத்துத் திருப்பிக் கொடுத்தார்களா, ஏன்? மழுப்பலான பதில் வந்தால் அன்று கையெழுத்துப் போடாதீர்கள்.

சின்ன வீட்டுக்குச் சின்ன நாய் என்ற கணக்கும் சரிவராது. பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற கிரேஹவுண்ட் உயரமானது, ஆனால் நாளின் பெரும்பகுதி தூங்கும். பூனையையும் முயலையும் துரத்தும் என்பதால் கயிற்றை மட்டும் விடக் கூடாது. ஜாக் ரஸ்ஸல் டெரியர் உருவத்தில் சிறிது, உட்காரவே உட்காராது. ஆடு மேய்க்க உருவான பார்டர் கோலிக்கு மூளைக்கும் வேலை வேண்டும், எட்டு மணி நேர ஆபீஸ்காரருக்கு அது பொருந்தாது. கலப்பு நாய்களின் அட்டையில் இருக்கும் இனம் பெரும்பாலும் கண்ணால் பார்த்துச் சொன்னது, அதை அப்படியே நம்ப வேண்டாம்.

நேரில் பார்க்கப் போகும்போது வீட்டில் எல்லாரும் போங்கள், நாய் என்றால் பயப்படுகிறவர் முக்கியமாக. குனிந்து தலையைத் தடவாதீர்கள். பக்கவாட்டில் திரும்பி, கண்ணையே உற்றுப் பார்க்காமல் உட்காருங்கள், அதுவாக வரட்டும். உதட்டை நக்கிக்கொண்டே இருக்கிறது, தூக்கம் இல்லாமலே கொட்டாவி விடுகிறது, முகத்தைத் திருப்பிக் கடைக்கண்ணில் வெள்ளை தெரியப் பார்க்கிறது என்றால் அதற்கு நெருக்கடியாக இருக்கிறது. வால் ஆடுவதை மட்டும் வைத்து மகிழ்ச்சி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. உடம்பு விறைத்திருக்க வால் ஆடலாம். தளர்ந்த உடம்போடு வந்து முகர்ந்து, கொஞ்சம் போய்த் திரும்பவும் வருகிறதா? நான் தேடுவது அந்த நாயைத்தான். முடிந்தால் இன்னொரு நாளும் போய், வெளியே நடத்திப் பாருங்கள்.

வீட்டுக்கு வந்தபின் மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று காப்பகங்களில் ஒரு கணக்குச் சொல்வார்கள்: மிரட்சி தணிய, வழக்கம் பிடிபட, இது நம் வீடு என்று ஆக. தோராயம்தான், ஆனால் முதல் வாரமே விருந்தாளிகளைக் கூப்பிடாமலிருக்க உதவும். நாய் தப்பி ஓடும் ஆபத்து இந்த ஆரம்ப நாட்களில்தான் அதிகம். ஹார்னஸ் (மார்பைச் சுற்றி மாட்டும் பட்டை), கழுத்துப்பட்டை இரண்டிலும் கயிறு மாட்டி, வாசல் கதவைத் திறக்கும் முன்பே பிடித்துக்கொள்ளுங்கள். நாயின் தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லான மைக்ரோசிப்பின் பதிவை அன்றே உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். புதிதாக வந்தவர்கள் சிம்மும் முகவரியும் அடிக்கடி மாற்றுவோம். ஒவ்வொரு முறையும் அந்தப் பதிவிலும் மாற்றினால்தான் ஓடிப்போன நாயைப் பிடித்தவர்களால் உங்களைக் கூப்பிட முடியும்.