குருத்தெலும்புத் துண்டுகளில் துடிப்புக் காந்தப்புலம்: ஜிஏஜி கசிவு கூடுகிறதே, ஏன்?

திசுவளர்ப்பு:
மாட்டு மூட்டிலிருந்து எடுத்த 4 மி.மீ. குருத்தெலும்புத் துண்டுகள், 24 குழித் தட்டு, குழிக்கு 1 மி.லி. ஊடகம். 10 செ.மீ. ஆரமுள்ள ஹெல்ம்ஹோல்ட்ஸ் சுருள் ஜோடி (நடுவில் சீரான புலம் தரும் இணைச்சுருள்கள்), ஒவ்வொன்றிலும் 100 சுற்று. 75 ஹெர்ட்ஸ், துடிப்பு 1.3 மில்லிவினாடி, உச்சம் 1.5 மில்லிடெஸ்லா. கட்டுப்பாட்டுத் தட்டு அதே இன்குபேட்டரின் கீழடுக்கில், சுருள் இல்லாமல். ஜிஏஜி (கிளைக்கோசமினோகிளைக்கன்) என்பது குருத்தெலும்பிலுள்ள சர்க்கரைச் சங்கிலி மூலக்கூறு. அதோடு சேர்ந்து நிறம் மாறும் டிஎம்எம்பி சாயத்தில் அளந்தால், புலத்தில் இருந்த குழிகளின் ஊடகத்தில்தான் ஜிஏஜி செறிவு அதிகம். புலம் திசுவைச் சிதைக்கிறதா?

சுருள்கட்டி:
அந்த முடிவுக்கு வருமுன் வெப்பத்தைப் பாருங்கள். உங்கள் அளவுகளுக்கு உச்ச மின்னோட்டம் ஏறக்குறைய 1.67 ஆம்பியர். சுருள் சூடானால் அருகிலுள்ள தட்டும் சூடாகும், ஊடகம் ஆவியாகும், மிஞ்சியதில் செறிவு கூடும். திசு ஒன்றும் கூடுதலாக இழந்திருக்காது. தட்டை முன்னும் பின்னும் எடைபோட்டு, செறிவை மீந்த கன அளவால் பெருக்கி மொத்த மைக்ரோகிராமாகச் சொல்லுங்கள். வெப்பநிலையைக் குழிக்குள்ளேயே அளக்க வேண்டும். தெர்மோகப்பிள் (வெப்பநிலை உணரி) கம்பியில் புலம் மின்னழுத்தம் தூண்டும் என்பதால் சுருளை அணைத்த உடனே படியுங்கள்.

சுருளே இல்லாத தட்டு கட்டுப்பாடு ஆகாது. கீழடுக்கில் கசிபுலமும் இருக்கும். ஹால் உணரியால் (காந்தப்புலம் அளக்கும் கருவி) அங்கேயும் அளந்து பாருங்கள். இரட்டைக் கம்பியாகச் சுற்றிய இன்னொரு ஜோடியைப் பொய்ச்சுருளாக வேறு இன்குபேட்டரில் வையுங்கள். இரு கம்பிகளிலும் மின்னோட்டம் எதிரெதிராக ஓடினால் புலம் அழியும், சூடு மட்டும் நிற்கும். அடுத்த சுற்றில் இன்குபேட்டர்களை மாற்றிக்கொள்ளுங்கள்.

மூட்டுயிரி:
திசுப் பக்கமும் ஒரு சிக்கல் உண்டு. வெட்டிய விளிம்பிலிருந்து முதல் நாட்களில் ஜிஏஜி தானாகவே கசியும். 48 மணி நேரம் ஊறவிட்டு அந்த ஊடகத்தைக் கொட்டிய பிறகே புலத்தைத் தொடங்குங்கள். ஒரே மூட்டின் துண்டுகளை இரு குழுவுக்கும் கலந்து பிரியுங்கள். எடை தாங்கும் இடமும் ஓரமும் ஒன்றல்ல. முடிவில் துண்டைப் பப்பெய்ன் என்ற புரதம் சிதைக்கும் நொதியில் 60 டிகிரி செல்சியஸில் இரவு முழுக்கக் கரைத்து, திசுவில் எஞ்சியதையும் அளந்தால்தான் கசிவைச் சதவீதமாகச் சொல்ல முடியும். டிஎம்எம்பி கலந்ததும் 525 நானோமீட்டரில் படித்துவிடுங்கள், நேரம் போனால் படிவு விழும்.

இன்னொன்று, கேள்வியே கொஞ்சம் மாற வேண்டும். இத்தாலியின் ஃபெராரா பல்கலைக்கழகக் குழு மாட்டுத் துண்டுகளில் முக்கியமாகக் கண்டது புரோட்டியோகிளைக்கன் (ஜிஏஜி சங்கிலிகள் ஒட்டிய புரதம்) உற்பத்தி கூடுவதை. ஐஜிஎஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணியைச் சேர்த்தபோது இரண்டின் விளைவும் கூடிக்கொண்டது. அழற்சியைத் தூண்டும் இன்டர்லூகின்-1 பீட்டாவின் பாதிப்பைப் புலம் எதிர்த்தது. அழற்சித் தூண்டல் இல்லாத துண்டில் கசிவு பெரிதாகக் குறைய இடமேது? புது உற்பத்தியை அளக்க, கதிரியக்கக் கந்தகம்-35 சல்ஃபேட் எவ்வளவு உள்ளே போகிறது என்று பாருங்கள். இன்டர்லூகின் குழு ஒன்றும் சேருங்கள்.

திசுவளர்ப்பு:
நன்றி. பொய்ச்சுருளுக்கும் அதே துடிப்பு மின்னழுத்தத்தைக் கொடுத்தால் போதுமா?

சுருள்கட்டி:
போதாது. எதிரெதிர் இணைப்பில் தூண்டல் திறன் ஏறக்குறைய மறைந்துவிடும்; மின்னோட்டம் சட்டென ஏறி, பொய்ச்சுருள்தான் அதிகம் சுடும். தொடரில் மின்தடை போட்டு, அலைக்காட்டியில் இரு சுருள்களின் ஆர்எம்எஸ் மின்னோட்டமும் (சூட்டைத் தீர்மானிக்கும் பயனுறு அளவு) ஒன்றாகும்வரை சரிசெய்யுங்கள். அந்த மின்தடையை இன்குபேட்டருக்கு வெளியே வையுங்கள்.