எண்ணெய் மரத்துக்குள் எவ்வளவு ஆழம் இறங்கும்?

இழைப்புளி: "வார்னிஷ் மேலே படலமாக நிற்கும், ஆளிவிதை எண்ணெயோ ஆழமாக இறங்கி மரத்தை உள்ளிருந்து காக்கும்" என்று உளிமன்னன் நேற்று அருள்வாக்குச் சொல்லியிருந்தார். எவ்வளவு ஆழம் ஐயா? பலகையின் மேல்முகத்தில் ஒரு மில்லிமீட்டர்கூட இறங்காது. குறுக்கே அறுத்த முனையில்தான் கூடுதலாக உறிஞ்சும்.

உளிமன்னன்: நான் எண்ணெய் பூசிய மேசைகள் இன்றும் உறுதியாக நிற்கின்றன.

இழைப்புளி: மேசை நிற்பது மூட்டுகளால். நான் கேட்டது ஆழம்.

அரக்குப்பிரியை: இருவருமே அரக்கை மறந்துவிட்டீர்கள். ஸ்பிரிட்டில் கரைத்துத் துணிப்பந்தால் தேய்த்தால் வரும் மினுமினுப்பு எந்த எண்ணெயில் வரும்? கீறல் விழுந்தாலும் புதிய பூச்சு பழையதைக் கரைத்து அதனோடு ஒன்றிவிடும்.

உளிமன்னன்: சூடான குவளையை வைத்தால் வெள்ளை வளையமும் வரும். மது சிந்தினால் பூச்சே கரையும்.

அரக்குப்பிரியை: குவளைக்கு அடியில் விரிப்புப் போடாதவர்களுக்கு நான் பொறுப்பல்ல. என் நகைப்பெட்டியைப் பார்த்து "முகம் பார்க்கும் கண்ணாடியா?" என்று கேலி செய்தவர்தானே நீங்கள்? மறக்கவில்லை.

புதுத்தச்சன்: சாப்பாட்டு மேசைக்கு எதைப் பூசலாம்?

இழைப்புளி: பாலியூரித்தேன் வார்னிஷ். 220 எண் உப்புத்தாளால் தேய்த்து, தூசியைத் துடைத்து, மெல்லியதாக மூன்று முறை பூசுங்கள். நீர், சூடு, கீறல் மூன்றையும் நன்றாகத் தாங்கும். காய்ந்த எண்ணெய்ப் பூச்சு ஈரப்பதத்தை அவ்வளவாகத் தடுப்பதில்லை. மழைக்காலத்தில் பலகை உப்பத்தான் செய்யும். உள்ளிருந்து காக்கும் மாயம் எத்தனை மில்லிமீட்டர் என்று தெரிந்தால் என் எண்ணத்தை மாற்றிக்கொள்கிறேன்.

உளிமன்னன்: பிளாஸ்டிக் உறை போட்ட மேசைதான் வேண்டுமென்றால் அப்படியே செய்யட்டும். உரியத் தொடங்கினால் மொத்தத்தையும் சுரண்ட வேண்டும். எண்ணெய் என்றால் இன்னொரு முறை பூசித் துடைத்தால் போதும்.

மரத்தூள்: எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயவையுங்கள்.

உளிமன்னன்: அது எனக்குத் தெரியாதா? நீங்கள் இழைப்புளியின் ஆளா?

மரத்தூள்: நான் யாருடைய ஆளும் இல்லை. துணியைப் பற்றித்தான் சொன்னேன்.

அரக்குப்பிரியை: அரக்கில் இந்தத் தொல்லையே இல்லை.

இழைப்புளி: அரக்கைக் கரைக்கும் ஸ்பிரிட் மட்டும் தீப்பிடிக்காதோ? அது கிடக்கட்டும். உளிமன்னன், ஆழம்?

உளிமன்னன்: ஒரு பலகையை அறுத்து நீங்களே அளந்துகொள்ளுங்கள். அறுக்கத் தெரியுமல்லவா?

இழைப்புளி: அளந்ததால்தான் கேட்கிறேன்.