கல்லூரி மாணவர்கள் ஊர் சுற்றுவது எதற்காக? (புனைபெயர்களில் ஒரு விவாதம்)

கடற்கரை–தாம்பரம்:
செமஸ்டர் முடிந்ததும் சென்னை மாணவர்கள் கிளம்பும் இடங்களைப் பாருங்கள். பாண்டிச்சேரி, ஊட்டி, கொடைக்கானல், மூணாறு. வருடம் தவறாமல் இதே வரிசை. போய் வந்தவர்களிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் போட்டோ எடுத்த இடத்தைத்தான் சொல்கிறார்கள். ரீல்ஸுக்காகத்தான் போகிறார்கள் என்பது என் கருத்து. சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் ஏறி பொன்னேரியில் இறங்கினால், அங்கிருந்து பழவேற்காட்டுக்கு பஸ் உண்டு. ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்து நாட்டின் பெரிய உவர்நீர் ஏரி அது. 1613இல் டச்சுக்காரர்கள் கட்டிய கெல்டிரியா கோட்டையின் மிச்சம், வாசலில் எலும்புக்கூடு செதுக்கிய கல்லறைத் தோட்டம், சீசனில் பூநாரைகள். ஒரே நாளில் போய்வரலாம், செலவும் சொற்பம். எத்தனை மாணவர்கள் போயிருக்கிறீர்கள்?

நெல்லை ஹாஸ்டல்:
சார், நீங்கள் சொல்லும் கூட்டத்தில் நாங்கள் இல்லை. தென் மாவட்டங்களிலிருந்து வந்து கிண்டியிலும் தரமணியிலும் தங்கிப் படிப்பவர்களுக்கு, கையில் இருக்கும் காசு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊருக்குப் போய்வருவதிலேயே தீர்ந்துவிடுகிறது. முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் காலை 8 மணிக்குத் திறக்கும். பண்டிகை நாள் என்றால் நெல்லை எக்ஸ்பிரஸில் சில நிமிடங்களில் வெயிட்டிங் லிஸ்ட். ஸ்லீப்பர் தட்கல் காலை 11 மணிக்கு, அப்போது நாங்கள் வகுப்பில் இருப்போம். கடைசியில் ஆம்னி பஸ்தான். அதற்கும் இப்போது வண்டலூரைத் தாண்டி கிளாம்பாக்கம் பஸ் நிலையத்துக்குப் போக வேண்டும். அம்மாவைப் பார்க்கப் போவதும் பயணம்தானே? அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

மெயில் வண்டி:
தம்பி, ரயிலில் மாணவர் சலுகை இருக்கிறதே. சொந்த ஊருக்குப் போக இரண்டாம் வகுப்பிலும் ஸ்லீப்பரிலும் பொதுப் பிரிவினருக்கு 50 சதவீதம், எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு 75 சதவீதம். 2020இல் மூத்த குடிமக்கள் சலுகையை நிறுத்தியபோதும் இதில் கை வைக்கவில்லை.

நெல்லை ஹாஸ்டல்:
தெரியும் அண்ணா. அதற்குக் கல்லூரி முதல்வர் கையெழுத்துப் போட்ட படிவத்தோடு ஸ்டேஷன் கவுண்டருக்குப் போக வேண்டும். மொபைலில் எடுக்க முடியாது, தட்கலுக்குச் செல்லாது. நான் வரிசையில் நின்று ஜன்னலை நெருங்குவதற்குள் மொபைல் வைத்திருப்பவர்கள் எல்லா சீட்டையும் எடுத்துவிடுகிறார்கள்.

வேளச்சேரி மாணவி:
இடத்தை மாணவர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டு பேசுகிறீர்கள். என் வகுப்பில் பாதிப் பெண்களுக்கு அந்த உரிமையே கிடையாது. எனக்கு வீட்டில் வெளியூரில் இரவு தங்க அனுமதி கிடைத்தது ஐ.வி.க்கு, அதாவது கல்லூரி கூட்டிப்போகும் இண்டஸ்ட்ரியல் விசிட்டுக்கு மட்டும்தான். மேடம் கூட வருகிறாரா, எந்த ஹோட்டல், ரூமில் யார் யார் என்று அப்பா கேட்பார். கல்லூரி லெட்டர்பேடில் கடிதம் வந்த பிறகுதான் கையெழுத்து. எங்கே போவது என்பதை டிராவல்ஸ்காரர் பேக்கேஜாகக் கொண்டுவருகிறார், துறை ஒப்புக்கொள்கிறது. ஒரு கம்பெனியில் இரண்டு மணி நேரம், மற்றபடி மூணாறு. இதில் எங்கள் ரசனையைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

அப்புறம் இன்னொன்று. 2021 மே மாதம் முதல் சாதாரண மாநகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. என் தோழிகள் பலர் இந்த ஊரையே அதில்தான் பார்க்க ஆரம்பித்தார்கள். கிளாஸ் முடிந்ததும் எழும்பூர் மியூசியம், மயிலாப்பூர் குளக்கரை, திருவான்மியூர் பீச். யாரிடமும் பஸ்ஸுக்குக் காசு கேட்க வேண்டாம், காரணம் சொல்ல வேண்டாம். காசும் அனுமதியும் தேவைப்படாத இடத்தில் எங்கள் ஆர்வம் தானாக வெளியே வந்தது. அதனால்தான் ரீல்ஸ் மேல் பழி போடுவதை நான் ஏற்கவில்லை.

இரண்டாம் வருடம் மெக்:
ரீல்ஸ் எடுப்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் நாங்கள் ஊட்டி போவது ஊட்டிக்காக இல்லை. நான்கு வருடம் முடிந்தால் ஒருவன் பெங்களூரு, ஒருவன் துபாய். பதினைந்து பேரும் ஒரே ரூமில் விடிய விடியப் பேச ஒரு இடம் வேண்டும். பழவேற்காட்டில் அத்தனை பேர் எங்கே தங்குவது? சாயங்காலமே பஸ்ஸைப் பிடிக்க ஓட வேண்டும். போட்டோ அந்தக் கூட்டத்தின் ஞாபகத்துக்கு, அதில் தப்பே இல்லை.

கடற்கரை–தாம்பரம்:
கூடிப் பேசத்தான் என்றால் ஏன் எல்லோரும் அதே மலைக்கு ஏற வேண்டும்? ஊட்டி, கொடைக்கானல் தாங்காமல்தான் 2024 மே 7 முதல் சென்னை உயர் நீதிமன்றம் வண்டிகளுக்கு இ-பாஸ் என்ற ஆன்லைன் அனுமதிச் சீட்டைக் கொண்டுவரச் சொன்னது. அடுத்த வருடம் சீசனில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பும் வைத்தது. வேனைப் பேசும்போது மாணவர்கள் இதையும் யோசிக்க வேண்டும். அரசு பஸ்ஸில் போனால் இ-பாஸே தேவையில்லை, அப்படிப் போகலாமே. வேளச்சேரி மாணவி சொன்ன அனுமதிப் பிரச்சினையை ஒப்புக்கொள்கிறேன். பையன்களுக்கு அந்தத் தடை இல்லையே? அவர்களும் ஏன் அதே இடத்துக்குப் போகிறார்கள்?

இரண்டாம் வருடம் மெக்:
அரசு பஸ்ஸில் பதினைந்து பேருக்கும் ஒன்றாக சீட் கிடைப்பது கஷ்டம் சார். வேன் வாடகையைப் பங்கு போட்டால் தலைக்கு அவ்வளவாக வித்தியாசமும் வராது.

வேளச்சேரி மாணவி:
சார், பையன்கள் கணக்கு வேறு. அதை அவர்களே சொல்லட்டும். எங்கள் துறை ஐ.வி.க்குத் தரும் அதே கடிதத்தை ஒரு நாள் பயணத்துக்கும் தரட்டும். எங்களில் பலர் பொன்னேரி ரயிலில் ஏறத் தயார்.

கடற்கரை–தாம்பரம்:
பகலில் போய் இரவுக்குள் திரும்பும் பயணத்துக்குமா கடிதம் வேண்டும், மா?

வேளச்சேரி மாணவி:
வேண்டும் சார். திருவான்மியூருக்கு வேண்டாம், பொன்னேரிக்கு வேண்டும். மாநகர பஸ் போகிற இடம் வரைக்கும்தான் எங்கள் வீட்டில் ஊர் என்று நினைக்கிறார்கள்.